தண்ணீர் தெளித்தும் நிலக்கரித் தூசி அடங்கவில்லை: முதலில் எதை மாற்றுவது?

கேள்வி:
நிலக்கரியை நொறுக்கிச் சலிக்கும் ஆலையொன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு கன்வேயர் பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிலக்கரி கொட்டும் இடத்தில் தெளிப்பான்கள் வைத்தும், தொழிலாளர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும், காற்று மாதிரி எடுக்கும் கருவியில் நுண்தூசியின் அளவு குறையவே இல்லை. வீட்டுக்குப் போன பிறகும் கறுப்பாகச் சளி வருவதாக அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினால் போதுமா?

பதில் 1:
கண்ணுக்குத் தெரியும் புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். நுரையீரலின் காற்றறைகள் வரை போய்ப் படிவது ஏறத்தாழ 4 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவுமான, கண்ணுக்குப் படாத துகள்தான். பெரிய நீர்த்துளி விழும்போது சுற்றியுள்ள காற்றை விலக்கிக்கொண்டு விழுவதால், அந்த நுண்துகளும் காற்றோடு விலகித் தப்பிவிடுகிறது. ஆகவே, பறந்துவிட்ட தூசியைப் பிடிக்க முயல்வதைவிட, நொறுக்கும் இயந்திரத்துக்குள் போகுமுன்பே நிலக்கரியை நனைப்பது மேல். ஒரு பிடி நிலக்கரித் தூளை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பகுதி மேலேயே மிதக்கும். ஈரமேற்றும் வேதிப்பொருளைச் சிறிது கலந்தால் அதே தூள் நனைந்து இறங்கும்.

பதில் 2:
அதற்கும் முன்னால், நிலக்கரி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். விழும் நிலக்கரி காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காற்று வெளியேறும் இடுக்குகளில்தான் தூசி கிளம்பும். நான் வேலை செய்த ஆலையில், நிலக்கரி பெல்ட்டில் இறங்கும் சரிவுப்பெட்டியின் ஓர ரப்பர் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. அதை மாற்றி, பெட்டியை மூடி, உறிஞ்சும் குழாயையும் பொருத்திய பிறகே அளவு இறங்கியது. பெல்ட்டில் ஒட்டிய தூள் திரும்பும் வழியெங்கும் உருளைகளில் உதிரும் என்பதால், சுரண்டும் தகட்டையும் கவனியுங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். படிந்த தூசி மூச்சுக்குள் போவதோடு, வெடிவிபத்துக்கும் அது வழிசெய்யும்.

பதில் 3:
முகக்கவசம் வேண்டும்தான், ஆனால் அது கடைசி அரண். தாடி இருந்தால் விளிம்பு முகத்தோடு படியாது. என்95 கூட அங்கே கசியும். காற்று மாதிரியில் குவார்ட்ஸ் என்ற பாறைக் கனிமத்தின் பங்கையும் தனியே அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதி 2016 ஆகஸ்ட் முதல் ஒரு கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் நுண்தூசியை மட்டுமே அனுமதிக்கிறது. குவார்ட்ஸ் கலந்த தூசி அதைவிடக் குறைந்த அளவிலேயே நுரையீரலைக் கெடுக்கும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. சளி கறுப்பாக வருபவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் இப்போதே செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. நாளைக் காலை ஷிப்டில் பெல்ட்டை நிறுத்தியதும் ஓர ரப்பரைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.