சின்ன டிரெய்லரை மட்டம் பார்த்து நிறுத்துவது: உங்கள் அனுபவங்களைப் போடுங்கள்

ஆஸ்டின், டெக்சாஸ்

உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பிங் டிரெய்லர் வாங்கப் போகிறேன் என்றாலே எல்லோரும் இழுப்பதைப் பற்றியும் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். இடம் போய்ச் சேர்ந்த பிறகு வரும் அரைமணி நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பசி, இருட்டிக்கொண்டு வரும், முகாமில் பக்கத்து இடத்தில் நிற்கும் சைட்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்மையே வேடிக்கை பார்ப்பார். அந்த நேரத்தில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்களுடையது ஒற்றை அச்சு, 16 அடி. காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே இடம் வலம் மட்டம் பார்த்துவிடுவோம். உள்ளே தரையில் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து, எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு முன்னால் பலகையோ பிளாஸ்டிக் கட்டையோ போட்டு, காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி மேலே ஏற்றுவோம். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதற்கப்புறம்தான் கழற்றுவது. முன்பின் மட்டத்தை மூக்கிலுள்ள, அதாவது காரோடு மாட்டும் முன்முனையிலுள்ள, ஜாக்கைச் சுற்றிச் சரிசெய்துகொள்ளலாம். நான்கு மூலைக்கும் ஸ்டெபிலைசர், அதாவது வண்டி ஆடாமலிருக்க வைக்கும் கால், இறக்குவது கடைசி வேலை.

இடம் வலம் ஏன் முதலில்? முன்பின் சாய்வுக்கு ஜாக் இருக்கிறது. பக்கவாட்டுச் சாய்வுக்குச் சக்கரத்தை உயர்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. கழற்றிவிட்ட பிறகு சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்ற வேண்டுமென்றால் மறுபடி காரை மாட்ட வேண்டியதுதான். இரட்டை அச்சு வைத்திருப்பவர்கள் தாழ்ந்த பக்கத்து இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே உயர்த்த வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு ஒரு கணக்கு. சக்கரத்துக்குச் சக்கரம் ஏறத்தாழ 7 அடி என்றால், ஒரு டிகிரி சாய்வுக்கு ஒன்றரை அங்குலம். அமெரிக்கக் கடைகளில் 2 அங்குலப் பலகை என்று விற்பதன் உண்மையான கனமும் ஒன்றரை அங்குலம்தான். ஆக, டிகிரிக்கு ஒரு பலகை. பலகை டயரைவிட அகலமாக இருக்கட்டும். டயரின் ஒரு ஓரம் அந்தரத்தில் தொங்கினால் எடை முழுக்க மிச்சப் பாகத்தில் விழுந்து உள்ளுக்குள் கெட்டுப்போகும், வெளியே தெரியாது.

சரிவு, சேறு, காற்று, எதுவானாலும் உங்கள் பக்கத்துக் கதைகளைச் சொல்லுங்கள்.

சியாட்டில்

எங்கள் பக்கம் சரிவைவிட ஈரம்தான் தொல்லை. ஒலிம்பிக் நேஷனல் பார்க்கில் ஹோ மழைக்காடு இருக்கிறதே, அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 140 அங்குலம் மழை. பாசியும் சருகும் மூடிய மண் பார்வைக்கு இறுகித் தெரியும், கால் வைத்தால்தான் தெரியும். மூக்கு ஜாக்கின் பாதம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், அந்தச் சின்ன வட்டத்தில்தான் நிற்கிறது. 3,000 பவுண்டு வண்டி என்றால் 300 பவுண்டுக்குக் குறையாது.

பக்கத்து சைட்டில் ஒரு வயதான தம்பதி ஜாக்கை நேராக மண்ணிலேயே இறக்கியிருந்தார்கள். ராத்திரி முழுக்க மழை. காலையில் பெரியவர் கதவைத் திறந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கு நாலு விரற்கடை இறங்கியிருந்தது. பின்பக்கத்து ஸ்டெபிலைசர் இரண்டும் தரையைத் தொடவே இல்லை, அடியில் ஒரு புத்தகத்தை நுழைக்கலாம். முன்பக்கத்துக் கால்கள் இரண்டும் தாங்கக்கூடாத எடையைத் தாங்கிக்கொண்டு முட்டி மடங்கி நின்றன. அவரும் நானும் சேர்ந்து மூக்கை மறுபடி காரின் பின்னாலுள்ள இழுவைப் பந்தின்மேல் உட்காரவைத்து, ஜாக்கை மண்ணிலிருந்து பிடுங்கி, ஓரடிச் சதுர பிளைவுட் ஒன்றை அடியில் தள்ளினோம். முக்கால் அங்குல பிளைவுட் போதும். என் வண்டியில் அப்படி ஐந்து துண்டு எப்போதும் கிடக்கும், ஜாக்குக்கு ஒன்று, நான்கு கால்களுக்கும் ஒவ்வொன்று.

நியூ ஜெர்சி

முட்டுக்கட்டை பற்றிச் சொன்னீர்களே அண்ணா, அதற்குச் சாட்சி நான்.

வர்ஜீனியாவில் ஷெனன்டோவா நேஷனல் பார்க், பிக் மெடோஸ் முகாம். எங்களுக்கு எதிரே ஓர் இளம் ஜோடி, வாடகை டிரெய்லர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரே ஒரு சக்கரத்துக்கு, அதுவும் மேட்டுப்பக்கம் கட்டை போட்டுவிட்டு, அந்தப் பையன் காரின் பந்தைக் கவ்வும் கப்ளரின் தாழைத் திறந்து ஜாக்கைச் சுற்ற ஆரம்பித்தார். கப்ளர் பந்தைவிட்டு எழும்பிய நொடியில் டக்கென்று ஒரு சத்தம். டிரெய்லர் பள்ளத்துப் பக்கம் கிளம்பிவிட்டது. ஒரு முழம் போயிருக்கும், காரோடு கோத்திருந்த பாதுகாப்புச் சங்கிலி விறைத்து இழுத்து நிறுத்தியது. ஜாக் பாதம் மண்ணில் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு சாய்ந்து நின்றது. அவர் செருப்புக் காலோடு நின்றது அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி. சங்கிலியை ஏன் கழற்றவில்லை என்று பிறகு கேட்டேன். "மறந்துட்டேன்" என்றார்!

நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளியே விடமாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான், கட்டையைச் சக்கரத்தோடு ஒட்டி உதைத்துத் தள்ளுங்கள், முக்கியமாகப் பள்ளத்துப் பக்கம். அப்புறம் காரின் பிரேக்கை மெல்ல விட்டு, டிரெய்லர் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். உட்கார்ந்ததும் பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு ஜாக்கைத் தொடலாம். சங்கிலியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கழற்ற வேண்டும்.

சிகாகோ

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ராத்திரி தூங்கத்தானே போகிறோம், கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன? ஆளுக்காள் ரசமட்டம், டிகிரி என்கிறீர்களே!

ஹூஸ்டன்

தூக்கத்துக்கு மட்டும் என்றால் உங்கள் முதுகு ஒத்துக்கொள்ளும் அளவுக்குப் போதும் தம்பி. ஆனால் உள்ளே என்ன ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற வகையில் கம்ப்ரசரே கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே ஒரு சின்னக் கொதிகலன். அந்தச் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போய், ஆறித் திரவமாகி, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, தண்ணீரில் கரைந்து மறுபடி கீழே இறங்கும். இறங்குவதெல்லாம் தன் எடையில்தான், தள்ளிவிட பம்ப் இல்லை. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும், கொதிகலன் வற்றித் தேவைக்கு மேல் சூடேறும். குழாய் துருப்பிடிக்காமலிருக்க உள்ளே சோடியம் குரோமேட் கலந்திருப்பார்கள். அது அந்தச் சூட்டில் கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும். அடைத்தால் அடைத்ததுதான், குளிரூட்டும் யூனிட்டையே மாற்ற வேண்டும். வண்டி ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் எதுவும் தேங்காது. சாய்வாக நிறுத்தி மணிக்கணக்கில் ஓடவிடுவதுதான் ஆபத்து.

பழைய மாடல்களுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை ஒரு வாக்கில் 3 டிகிரி, மற்ற வாக்கில் 6 டிகிரி. எந்த வாக்குக்கு எது என்பது ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, கையேட்டில் இருக்கும். இப்போது வரும் சின்ன டிரெய்லர்கள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைக்கிறார்கள். உங்களுடையது அது என்றால் இந்தக் கவலை வேண்டாம், நிம்மதியாகச் சாய்ந்து தூங்குங்கள். ஆனால் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் விளக்கை நம்பாதீர்கள், சாய்வில் அது பொய் சொல்லும்.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

எனக்கு ரசமட்டமே வேண்டாம், தோசைக்கல் போதும். எண்ணெய் விட்டதுமே எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரிந்துவிடும். மாவு இன்னும் கறார். நடுவில் ஊற்றி இழுக்கும்போதே தாழ்ந்த பக்கம் தடித்துக்கொண்டு போகும், மேட்டுப்பக்கம் மெலிந்து கருகும். என் வீட்டுக்காரர் போனில் டிகிரி காட்டும் புளூடூத் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். தனியாக வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அது நல்லது, டிரைவர் சீட்டிலிருந்தே பார்க்கலாம். வெளியே நின்று கைகாட்ட ஆள் இருந்தால் வீண்செலவு என்பது என் கட்சி.

நான் சொல்ல வந்தது ஸ்டெபிலைசரைப் பற்றி. யோசெமிட்டியில் அப்பர் பைன்ஸ் முகாம். எதிர் சைட்டில் ஒருவர் சக்கரத்துக்கு அடியில் உயர்த்தும் கட்டையே போடவில்லை. தாழ்ந்த பக்கத்து ஸ்டெபிலைசர்களான கத்தரி ஜாக் இரண்டையும் டிரில்லால் ஏற்றிக்கொண்டே போனார். சக்கரம் தரையைவிட்டு எழும்பியது, மட்டமும் வந்துவிட்டது. ஆள் பெருமையாகப் பீர் எடுக்க உள்ளே போனார். அப்புறம் கதவு சாத்தவில்லை. அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டதில் கதவு நிலை கோணலாகிவிட்டது. தாழ்ப்பாளின் நாக்கு, அது நுழைய வேண்டிய ஓட்டைக்கு அரை விரல் மேலே போய் இடிக்கிறது. தோளால் தள்ளிப் பார்த்தார், எண்ணெய் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஜாக்கை இறக்கியதும் கதவு தானாகப் பொருந்தியது. திரும்பிப் பொருந்தியது அவர் அதிர்ஷ்டம், எல்லாச் சட்டமும் அப்படித் திரும்பாது.

ஸ்டெபிலைசர் ஆட்டத்தை நிறுத்த மட்டுந்தான், வண்டியைத் தூக்க அல்ல. கால் தரையைத் தொட்டதும் இன்னும் ஓரிரு சுற்று, அவ்வளவுதான். தரைக்கும் காலுக்கும் இடைவெளி அதிகம் என்றால் அடியில் கட்டையைப் போட்டு உயரத்தைக் குறையுங்கள். நீட்டி நிற்கும் கால் ஆடத்தான் செய்யும். அப்புறம் அந்த டிரில் சத்தம்! யோசெமிட்டியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். லேட்டாகப் போனால் தயவுசெய்து கைப்பிடி போட்டுச் சுற்றுங்கள்.

இன்னொன்று, சிரிக்கக் கூடாது. எங்களுக்கு நீளவாக்கில் கட்டில், தலைமாடு ஓர் இழை உயரமாக இருக்கும்படி மூக்கை விட்டுவிடுவேன். எங்கள் அத்தை கூட வந்தால் வடக்கே தலைவைக்க மாட்டார். சைட் எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதானே கட்டிலின் திசை? அவர் தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுக்கொள்வார், உடனே உயரம் தலைகீழ். நான்கு ஸ்டெபிலைசரையும் மேலே ஏற்றிவிட்டு ஜாக்கை மறுபடி சுற்ற வேண்டும். இப்போதெல்லாம் முன்பதிவு செய்யும்போதே வரைபடத்தில் வடக்கு எது என்று பார்த்துவிடுகிறேன்.

டென்வர்

எங்களுடையது டியர்டிராப், நீர்த்துளி வடிவச் சின்ன டிரெய்லர், சமையல் மேடை பின்பக்கம். இந்த ரகத்தில் மூக்குப்பக்கம் எடை கொஞ்சந்தான். காரிலிருந்து கழற்றி, பின்கால்களை இறக்குவதற்குள் யாராவது பின்னால் தொங்கினால் மூக்கு எழும்பிவிடும். என் மகனும் அவன் சிநேகிதனும் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் பின்கால் இறங்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது, பின்கதவும் திறக்காது. அக்கா சொன்ன மாதிரி இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்குவதில்லை.

ஆஸ்டின், டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து துண்டு பிளைவுட் இன்றைக்கே வெட்டியாயிற்று. ஃப்ரீமாண்ட் அக்கா, உங்கள் அத்தைக்கு என் வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹில் கன்ட்ரி என்னும் எங்கள் குன்றுப் பகுதியில் பல இடங்களில் மேலே ஒரு பிடி மண்தான், அடியில் சுண்ணாம்புப் பாறை. கால் புதையாது, ஆனால் வழுக்கும். பாறைமேல் பிளாஸ்டிக் கட்டையைப் போட்டுச் சக்கரத்தை ஏற்றினால் ஏறுவதற்குப் பதில் கட்டை பின்னால் தெறித்து ஓடும். பழைய ரப்பர் மிதியடியைத் துண்டு போட்டுக் கட்டைக்கு அடியில் வைத்தால் பிடித்துக்கொள்கிறது. மேற்கே பிக் பெண்ட் நேஷனல் பார்க் போகிறவர்கள், சிசோஸ் பேசினுக்கு ஏறும் சாலையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர் வேண்டாம் என்று பார்க்கே சொல்வதைக் கவனியுங்கள். நாங்கள் 16 அடியோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ் வரிசை. முதலில் ஸ்டெபிலைசர் நான்கும் மேலே. அதை மறந்துவிட்டு வண்டியை எடுத்தால் கால்கள் வளைந்துவிடும். பிறகு மூக்கை உயர்த்திக் காரை மாட்டி, தாழ் போட்டு, சங்கிலியைக் கோத்த பிறகுதான் முட்டுக்கட்டையில் கை வைக்க வேண்டும். சக்கரம் பலகையிலிருந்து இறங்கியதும் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து வந்து கட்டையெல்லாம் பொறுக்குங்கள். விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். எங்களிடம் இருக்கும் மஞ்சள் கட்டைகளில் பாதி அப்படிக் கிடந்தவைதான். முகாமைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் ஹோஸ்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், தன் ஷெட்டில் ஏற்கெனவே ஒரு மூட்டை இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.