பொருள்: ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு சொல், வியாழனுக்குள்

கையேடு தொகுப்பவர், கிளிநொச்சி:
வணக்கம். பார்வையற்ற மாணவர்கள் தாங்களே டெபியன் இயங்குதளத்தை நிறுவுவதற்கான கையேடு வெள்ளிக்கிழமை பிரெயில் அச்சுக்குப் போகிறது. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்கு ஓரிடத்தில் திரைபடிப்பான், இன்னோரிடத்தில் திரைவாசிப்பான் என்று கிடக்கிறது. ஒன்றைச் சொல்லுங்கள்.

ஆசிரியை, வவுனியா:
வாசிப்பான். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பதென்றால் பரீட்சைக்குத்தான். பேப்பரை வாசிப்போம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒட்டுசுட்டான்:
வாசி வடசொல். 'நவில்தொறும் நூல்நயம்' (குறள் 783) இருக்க ஏன் கடன்? திரைநவிலி.

வவுனியா:
'வடஎழுத்து ஒரீஇ', அதாவது வடஎழுத்தை நீக்கி, வந்தால் போதும் என்று தொல்காப்பியரே வழிவிட்டார், ஐயா. வாசியில் எது வடஎழுத்து? அந்தக் குறளில் நவில்தல் கற்பதுதானே? சுற்றிப் படிப்பானுக்கே வந்துவிட்டீர்கள்.

முல்லைத்தீவு:
திரைக்கிளி? கிளிநொச்சிக்கும் பொருந்தும்.

ஒட்டுசுட்டான்:
ஊர்ப்பெயரில் நொச்சியும் இருக்கிறது, தம்பி. மதில் காப்போர் சூடும் பூ. நொச்சித் திணையில்...

கிளிநொச்சி:
ஐயா, வெள்ளிக்கிழமை.

மாங்குளம்:
நான் பார்வையற்றவன். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பு பேசாது, யூ.எஸ்.பி.யிலிருந்து தொடங்கவைக்கத் தம்பியின் கண் தேவைப்பட்டது. அதோடு மொனிட்டரைக் கழற்றிவிட்டேன். பூட் மெனு வந்ததும் பீப் அடிக்கும்; எஸ் அழுத்தி என்டர். பிறகு ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் குரல் கேள்வியையும் தெரிவுகளின் எண்களையும் சொல்லும். எண்ணைத் தட்டி என்டர். வட்டைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு தரம் கேளுங்கள், அவசரப்பட்டால் பழைய கோப்புகள் போய்விடும்.

திரையே இல்லாமல் நிறுவியவனுக்குத் திரைவாசிப்பான்! போகட்டும். உங்கள் சொற்களை ஈஸ்பீக்கில் வேகமாக ஓடவிட்டுக் கேட்டேன். திரைபடிப்பான் என்று தொடங்கியதும் காது 'திரைப்பட' என்று பிடித்துச் சினிமாவுக்குப் போய்விடுகிறது. நவிலி காதில் நிற்கவில்லை. வாசிப்பான் தெளிவு. ஆனால் நாங்கள் பேசும்போது 'குரலைப் போடு' என்போம், அவ்வளவுதான்.

கிளிநொச்சி:
சரி, தலைப்பில் திரைவாசிப்பான். உள்ளே 'குரலைப் போடவும்'.

ஒட்டுசுட்டான்:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்றாம் பக்கத்தில் 'கணினியைத் துவக்கு' என்று கிடக்கிறதே!

முல்லைத்தீவு:
வன்னியில் துவக்கு என்றால் சுடுவது. தொடக்கு என்று மாற்றலாமா?

வவுனியா:
அது தீட்டு, தம்பி.