ஃப்ரீசரில் வைத்த குழம்பு திரிந்துபோகிறது: எதையெல்லாம் உறைய வைக்கக் கூடாது?

கேள்வி
உருளைக்கிழங்கு போட்டு, க்ரீமும் சோள மாவும் கரைத்து ஊற்றிய குழம்பு. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில்தான் இருக்கிறது. உருகியதும் கிழங்கு சொரசொரவென்று உதிர்கிறது. தண்ணீர் தனி, திப்பி தனி. கோளாறு சமையலிலா, ஃப்ரீசரிலா?

பதில் 1
இரண்டிலும் இல்லை. நீங்கள் போட்ட மூன்றுமே உறைபனிக்கு ஒத்துவராதவை. கிழங்கிலுள்ள நீர் பனிப்படிகமாகும்போது செல் சுவரைக் கிழித்துவிடும். உருகியதும் நீர் வடிந்து, மாவுச்சத்து மட்டும் நிற்கும். சோள மாவு வேகும்போது பிடித்துவைத்த நீரை, உறைந்து உருகியதும் விட்டுவிடும். க்ரீமில் கொழுப்பு பிரிந்துவிடும்.

இந்தக் குழம்பைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கோடு மிக்ஸியில் அடித்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்கினால் நல்ல சூப். அடுத்த முறை இந்த மூன்றும் இல்லாமல் உறைய வையுங்கள். சூடாக்கும்போது வெந்த கிழங்கைப் போட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, அடுப்பை அணைக்கும் முன் க்ரீம் சேருங்கள். முன்கூட்டியே கெட்டியாக்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஒட்டும் அரிசி மாவு சோள மாவைவிட நன்றாகத் தாங்கும்.

பதில் 2
வெள்ளரி, லெட்யூஸ், பச்சை முள்ளங்கி வேண்டவே வேண்டாம், துவண்டுவிடும். மயோனைஸ் எண்ணெயாகப் பிரியும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும்.

பச்சை முட்டையை ஓட்டோடு வைத்தால் ஓடு வெடிக்கும். மஞ்சள் கருவை மட்டும் வைப்பதானால் 1 கப்புக்கு அரை தேக்கரண்டி உப்பு அல்லது ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை கலக்குங்கள். இல்லாவிட்டால் களிபோல் இறுகி, பிறகு எதிலும் கரையாது. எதைக் கலந்தீர்கள் என்று டப்பாமேல் எழுதிவிடுங்கள்.

கேட்டவர்
நன்றி. பூண்டு, மிளகு சேர்த்த குழம்பை வைக்கலாமா? பீன்ஸ்?

பதில் 1
வைக்கலாம், ஆனால் பூண்டு, மிளகு, கிராம்பு மூன்றும் உறைந்தபின் காரம் தூக்கலாகிக் கசக்கவும் செய்யும். குறைவாகப் போட்டு, சூடாக்கும்போது ருசி பார்த்துச் சேருங்கள்.

பீன்ஸ் நன்றாக உறையும். கொதிநீரில் 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் 3 நிமிடம். இதைத் தவிர்த்தால் நொதிகள் வேலை செய்துகொண்டே இருந்து நிறமும் மணமும் போய்விடும். ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறைந்தபின் பையில் போடுங்கள். சீக்கிரம் உறைந்தால் படிகம் சிறியதாக இருக்கும், காயும் குழையாது. அதனால்தான் சூடான டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. குழம்பு டப்பாவில் விளிம்புவரை ஊற்றாதீர்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.