கல்மரம் (மண்ணில் புதைந்து கல்லாக மாறிய பழங்கால மரம்) பார்த்த அனுபவம் உண்டா? பட்டை, வேர் எதுவானாலும் சொல்லுங்க

வானூர்க்காரன்:
எங்க வானூர் பக்கம் இருக்கிற திருவக்கரைக் கல்மரப் பூங்காவை எல்லாரும் பார்த்திருப்பீங்க, அதை விடுங்க. எங்க அத்தை வீட்டுத் துவைக்கிற கல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கிணற்றடியில் கிடக்கும். காய்ந்திருந்தால் வெறும் பழுப்புக் கல். ஒருநாள் அத்தை சோப்பு நுரை போக ஒரு வாளித் தண்ணீரை வீசினார். வெட்டுப்பக்கம் முழுக்க வளையம் வளையமாகத் தெரிந்தது, விறகுக்கடையில் பார்க்கிற மாதிரியே. ஓரத்தில் பட்டைகூடச் சொரசொரன்னு இருந்தது. அப்போ நான் பத்தாவது, யார்கிட்டயும் சொல்லலை. பிறகு வீட்டை இடித்துக் கட்டும்போது கொத்தனார் அதைச் சம்மட்டியால் உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுட்டார். இன்னும் மனசு ஆறலை.

தேரிக்காட்டான்:
உடன்குடி பக்கம் செம்மணலில் விரல் தடிமனுக்குக் கிளை பிரிந்த வெள்ளைக் 'கல்வேர்' ஒரு பை நிறையப் பொறுக்கினேன். கல்லூரி வாத்தியார் ஒன்றும் பேசாமல் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தார். புஸ்ஸென்று நுரைத்தது. வேரைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கு, உள்ளே வேர் மக்கிப்போச்சு என்றார். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த பிறகு தெரிந்தது என்பதுதான் வேதனை.

லென்ஸ் மாமா:
பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் அந்த 18 மீட்டர் அடிமரத்தின் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் வானூர்த் தம்பி, 'பட்டை' என்று சொன்னதை ஏற்க முடியாது. திருவக்கரை மரங்கள் அங்கே வளர்ந்தவையே அல்ல. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. அதனால்தான் அங்கே கிளை, இலை, வேர் எதுவும் இல்லை. அந்த உருட்டலில் பட்டை தங்குமா? நீங்கள் பார்த்தது வெயில் மழையில் வெடித்த மேல்பரப்பாக இருக்கும். இனிமேல் கல் கிடைத்தால் முதலில் நனையுங்கள். கத்தியால் கீறுங்கள். சிலிக்காவாக (மணலில் இருக்கும் கடினமான கனிமம்) மாறிய மரத்தில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் கல்லில் கோடாக ஒட்டும். பிறகு 10 மடங்கு லென்ஸ் வைத்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள். ஊசி குத்தியது போலத் துளைகள் இருந்தால் பூக்கும் மரம். துளையே இல்லாமல் சீராக இருந்தால் சாத்தனூர் மாதிரி ஊசியிலை வகை. நட்டநடுவில் சோறு (தண்டின் மையத்திலுள்ள மென்மையான பகுதி) இருந்த தடம் தெரிந்தால் தண்டு, பெரும்பாலும் வேரில் அது இருக்காது. பூங்காவுக்குள் மட்டும் கத்தியை எடுக்காதீர்கள், அபராதம்.

கிளாஸ்கோவிலிருந்து:
மாமா, உங்க லென்ஸ் இங்கே செல்லாது. இங்கே விக்டோரியா பூங்காவில் 1887-இல் கிடைத்த 11 அடிமரங்கள் வளர்ந்த இடத்திலேயே நிற்குது, வேரோடு. வயசு சுமார் 32 கோடி ஆண்டு. ஆனா உள்ளே மரமே கிடையாது. உள்பகுதி அழுகி, பட்டை மட்டும் குழாய் மாதிரி நிக்க, அதுக்குள்ள மணல் புகுந்து கல்லாச்சு. அந்த அச்சைத்தான் பார்க்கிறோம். துளை, வளையம்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது. ஒரு வேர் இரண்டாப் பிரிஞ்சு, அதுவும் மறுபடி இரண்டாப் பிரிஞ்சு தரையில ஓடினதைப் பார்த்து, காலை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம அரைமணி நேரம் நின்னேன்.

வானூர்க்காரன்:
சரி மாமா, பட்டையை வாபஸ் வாங்கிக்கறேன். வளையத்தை விடமாட்டேன். நேத்து அத்தைக்கு போன் போட்டேன். "கல்லோ மரமோ, அழுக்கு நல்லாப் போகும்டா. இந்த சிமெண்டுக் கல்லு துணியைக் கிழிக்குது"ன்னு அவங்க கவலை அவங்களுக்கு.