பல் கிளிப் படிவத்தில் ‘காண்ட்ராக்ட்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது, எல்லாம் ஒன்றா?

உறையூர் அம்மா:
என் மகளுக்கு 14 வயது. மேல்வரிசை நெருக்கியடித்து, ஒரு தெத்துப்பல் வெளியே நிற்கிறது. கிளிப் போட 48,000 ரூபாய். முதலில் 15,000, மீதியை மாதம் 2,200 வீதம் பதினைந்து மாதம் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடச் சொல்லி நான்கு பக்கம் ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பே ‘ட்ரீட்மென்ட் காண்ட்ராக்ட்’. கூட வைத்திருக்கும் ரிப்போர்ட்டில் ‘காண்ட்ராக்டட் அப்பர் ஆர்ச்’. மூன்றாம் பக்கத்தில் ‘பேஷண்ட் காண்ட்ராக்ட்ஸ் எனி இன்ஃபெக்‌ஷன்’ என்று ஒரு வரி. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் “மேல் வளைவு ஒப்பந்தம் செய்யப்பட்டது” என்று வருகிறது.

கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பக் கிடைக்காது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வரவேற்பில் கேட்டேன், “எல்லாரும் போடுறாங்க, நீங்களும் போடுங்கம்மா” என்றார்கள். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். சனிக்கிழமை நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். புரியாமல் போடப் பயமாக இருக்கிறது.

கிளிப் உதவியாளர்:
அக்கா, பதினொரு வருடமாகப் பல் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாக நிற்கிறேன். இந்தப் படிவத்தை வாசித்துக் காட்டுவதும் என் வேலைதான். நீங்கள் பயப்படுவது நியாயம்.

ரிப்போர்ட்டில் இருப்பதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. மேல்தாடை அகலம் குறைந்து, குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் பல்லுக்கு இடம் போதவில்லை. மேல்தாடை இரண்டு பாதியாக இருந்து அண்ணத்தின் நடுவில் சேர்வது. உங்கள் மகள் வயதில் அந்தச் சேர்க்கை இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அதனால் சிலருக்கு முதலில் அண்ணத்தில் எக்ஸ்பாண்டர் வைத்து அகலப்படுத்துவார்கள். வீட்டில் சின்னச் சாவியால் திருக வேண்டும், ஒரு திருகலுக்குக் கால் மில்லிமீட்டர் அளவில் நகரும். உங்கள் மகளுக்கு அது வேண்டுமா, வேண்டுமென்றால் 48,000-க்குள் அடங்குமா என்று கட்டாயம் கேளுங்கள். கிளிப் கழற்றிய பிறகு போடும் ரீடெய்னரையும் கேளுங்கள். அது இல்லாமல் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். பல பெற்றோருக்கு அதற்குத் தனிக் காசு என்பது கடைசி நாளில்தான் தெரியவரும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாம் பக்கத்தில் வருவது நோய் தொற்றிக்கொள்வது. இன்னொரு அர்த்தமும் உண்டு. இடம் பண்ணுவதற்குப் பல் எடுக்க நேர்ந்தால் அதற்கு வேறு படிவம் தருவார்கள். அதில் தசை ‘காண்ட்ராக்ட்’ ஆகலாம் என்று இருந்தால், தாடைத் தசை சுருங்கி இறுகி, சில நாள் வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே சொல். லத்தீன் மூலத்தில் அதற்குச் சேர்த்து இழுப்பது என்று பொருள். தசை, தாடை, இரண்டு ஆட்களின் பேச்சு, எல்லாமே அந்த இழுப்பில் வந்துவிடுகிறது. தமிழில் சுருங்குவது, குறுகுவது, தொற்றுவது, ஒப்பந்தம் என்று தனித்தனியாக இருக்கும்போது, படிவத்தைத் தமிழில் கொடுத்தால் உங்களுக்கு இந்தத் தவிப்பே வந்திருக்காது.

மதுரை வக்கீல்:
தலைப்பில் இருக்கும் சொல்தான் சட்டத்துக்கு உரியது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 13: இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். இந்தப் படிவத்துக்கு அப்படியே பொருந்தும் என்பதால் சொல்கிறேன். புரியாத வரியை விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

மகளுக்கு 18 ஆகவில்லை, எனவே ஒப்பந்தம் உங்களுக்கும் மருத்துவருக்கும்தான். ஆனால் நாளை புகார் என்று வந்தால் நீங்களும் மகளும் இருவருமே நுகர்வோர். குழந்தைக்குச் சிகிச்சை தரும்போது பெற்றோரும் குழந்தையும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

அதற்கும் முன், 1995 நவம்பரில் வந்த வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பு. நுகர்வோர் சட்டத்துக்குள் வராத ‘பர்சனல் சர்வீஸ்’ ஒப்பந்தம்தான் எங்களுடையது என்று மருத்துவர்கள் தரப்பு வாதாடியது. வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது போல, முதலாளி சொன்னபடி செய்யும் ஒப்பந்தம்தான் அந்த வகை, மருத்துவர் தன் திறமையை வைத்துத் தானே முடிவெடுத்துச் செய்வது வேறு என்று நீதிமன்றம் பிரித்தது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை சட்டத்துக்குள் வந்தது அப்படித்தான். தமிழில் இரண்டையும் ‘சேவை ஒப்பந்தம்’ என்றே எழுதிவிடுகிறோம். அதனால் இந்த வேறுபாடு நம் ஆட்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

“எந்தக் காரணத்துக்காகவும்” என்று எழுதி வாங்கிவிட்டதால் மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனியாகவே கவனிக்கிறது. காலவரம்பு இரண்டு வருடம், 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. யோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

பல் எடுப்பதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்ட முடியாது என்பது 2008 சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு.

ஈரோடு கண்ணன்:
சகோதரி, என் பையனுக்கு ஒன்பதாவது மாதத்தில் டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார். மீதியை யார் செய்வது என்று படிவத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த இடத்தில் எக்ஸ்ரே, பல்லை அளவெடுத்த அச்சு எல்லாம் கேட்டார்கள், பழைய இடத்தில் தரவில்லை. திரும்ப முதலிலிருந்து எடுத்தோம், திரும்பக் காசு. அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உறையூர் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இன்று போய் டாக்டரையே பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். எக்ஸ்பாண்டர் வேண்டும், அதற்கு 6,000 தனி. ரீடெய்னர் 48,000-க்குள் வரும். அவர் இல்லாமல் போனால் செய்யாத மாதங்களுக்குப் பணம் கேட்பதில்லை, எக்ஸ்ரேயும் அச்சும் எங்கள் கைக்கு வரும். இதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் பேனாவாலேயே தமிழில் எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். பணம் திரும்பாது என்ற வரியை மட்டும் அடிக்க மாட்டேன் என்றார். வக்கீல் ஐயா, அந்த வரி இருக்கும்போதே நான் கையெழுத்துப் போடலாமா? நாளை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மதுரை வக்கீல்:
போடலாம் அம்மா. கையால் எழுதிய பக்கத்தையும் சேர்த்து ஒரு நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாதா மாதம் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.