ரிசர்வ் படையும் தன்னார்வத் தீயணைப்பும்: காகிதத்தில் தெரியாத சிக்கல்கள் என்னென்ன?

ஓடைக்கரை
பகுதிநேர ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டாயிற்று. மாதம் ஒரு சனி-ஞாயிறு பயிற்சி, வருஷத்துக்கு இரண்டு வாரம் முகாம். ஏற்கெனவே தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் வாரம் இரண்டு இரவு அழைப்புப் பணி. நாட்காட்டியில் மோதல் அதிகமில்லை. வேறு எங்கே இடிக்கும்?

ரோஸ்டர்காரர்
தேதி இடித்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஒரே தலையை இரண்டு இடத்தில் எண்ணுவதுதான் ஆபத்து. வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தால் படையும் நிலையமும் ஒரே நாளில் கூப்பிடும். படையின் அழைப்பாணையைத் தட்ட முடியாது. ஆகவே பேரிடர்க் கால ஆள்பலத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று நிலைய அதிகாரியிடம் இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எரியும் கட்டிடத்துக்குள் இருவர் போனால், அவர்களை மீட்கத் தயாராக வெளியே இருவர் நிற்க வேண்டும். நாலு பேரில் ஒருவர் வரவில்லை என்பது அந்த நேரத்தில் தெரிந்தால், உள்ளே போகும் வேலையே தடைப்படும். பம்ப் இயக்குபவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், இன்னொருவரைப் பழக்கிய பிறகே முகாமுக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று தூக்கம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மந்தமாகிவிடும். பயிற்சிக்கு முந்தைய இரவும், முகாம் முடிந்த முதல் இரவும் அழைப்புப் பணி வேண்டாம். வர நேர்ந்தாலும் வண்டி ஓட்டாதீர்கள்.

முகமூடி_செக்
ராணுவ வாயு முகமூடியைத் தீக்குள் கொண்டுபோகலாமா என்று எவராவது கேட்பார்கள். கூடவே கூடாது. அது வெளிக்காற்றை வடிகட்டும், அவ்வளவுதான். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, கார்பன் மோனாக்சைடும் வழக்கமான வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். தீக்குள் சிலிண்டர் காற்று மட்டுமே.

முகமூடி முகத்தில் காற்றுப் புகாமல் படிகிறதா என்று பார்க்கும் முகப் பொருத்தச் சோதனையும் அந்தந்த மாடலுக்குத் தனி. படையில் தேறியது நிலையத்தில் செல்லாது. முகாமில் எடை நன்றாகக் குறைந்திருந்தால், வருடாந்தரத் தேதிக்குக் காத்திராமல் திரும்பச் சோதியுங்கள். கன்னம் ஒட்டினால் விளிம்பில் காற்று கசியும். இரண்டு நாள் தாடியும் அதே வேலையைச் செய்யும்.

ஓடைக்கரை
நன்றி. பயிற்சியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அழைப்பு வந்தால் நேராகப் போய்விடலாமா?

முகமூடி_செக்
முதலில் உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வியர்வை உலர்த்தும் பாலியஸ்டர், நைலான் பனியன்கள் தீயணைப்பு உடைக்குள்ளேயே சூடேறி உருகித் தோலில் ஒட்டும். உலர்ந்த பருத்தி பனியன் ஒன்றை வண்டியில் வையுங்கள். வியர்வையில் நனைந்த துணியும் ஆவியாகிச் சுடும். புகை படிந்த உடையை ராணுவப் பையோடு சேர்த்து வைக்காமல் மூடிய பையில் தனியே போடுங்கள். துவைக்கும்போது குளோரின் பிளீச் ஆகாது, அது தீயணைப்பு உடையில் உள்ள, வெப்பம் தாங்கும் அராமிட் இழையை அரித்துவிடும்.

உடம்பும் கணக்கில் உண்டு. வெயிலில் சுமை தூக்கி நடந்த மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள். அழைப்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏணிமேல்
விட்டுப்போனவை சில. படையில் என்ன பதவி வகித்தாலும் தீக்களத்தில் கட்டளை அதிகாரி சொல்வதே சொல். பழக்கதோஷத்தில் சொந்தமாக முடிவெடுத்து உள்ளே நுழைந்தால், எங்கே இருக்கிறீர்கள் என்று வெளியே எவருக்கும் தெரியாது. பெயர்த் தகட்டைக் கொடுத்துவிட்டே நுழையுங்கள். காயம் பட்டால் எந்தப் பணியில், எத்தனை மணிக்கு என்று அன்றே பதிவு செய்யுங்கள். ஒரு முழங்காலுக்கு இரண்டு காப்பீடு இருந்தால், இரண்டும் மற்றதைக் கைகாட்டும்!

நீண்ட பணிக்குப் போய் வந்தால், முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முகப் பொருத்தம், மூச்சுக்கருவிப் பயிற்சி, வண்டி ஓட்டும் சோதனை. இந்த மூன்றும் முடியும்வரை அழைப்புப் பட்டியலில் பெயர் ஏற வேண்டாம்.