தோல் பர்ஸ் தைக்கிறேன், ஓரம் மட்டும் மெருகேற மாட்டேன் என்கிறது

வணக்கம். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் பர்ஸ் தைத்துப் பழகுகிறேன். பெரியமேட்டில் வாங்கிய துண்டுத் தோல்தான் மூலதனம். மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, மாற்றி மாற்றித் தைக்கிறேன். முன்பக்கத் தையல் ஒரே சாய்வாக வருகிறது, பின்பக்கம் கோணல்மாணல். ஊசி விடும் வரிசை தவறா, குத்தூசியைச் சாய்த்துப் பிடிக்கிறேனா?

அப்புறம் ஓரம். தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சுபோல் பிரிகிறது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் அப்படித்தான், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதுதான் மெருகேறும் என்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அந்தத் தோல், 1.5 மில்லிமீட்டர் தடிமனில், இரண்டு சதுர அடி மட்டும் சில்லறையாகக் கிடைக்குமா? பொங்கலுக்கு ஒரு பர்ஸ் தருகிறேன் என்று மாமனாரிடம் வாயை வேறு விட்டுவிட்டேன்!